ஆட்டுச் சிவப்பு

வியாழக்கிழமை காலை, பால் கறந்து முடித்த கையோடு மிலோய்கா அந்தச் சிவப்பைப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று அன்று பொழுது சாய்வதற்குள் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் வென்செல் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து மேசைமேல் கிடத்திவிட்டு, வெளியே ஒரு ஆடு கத்துகிறதென்று எழுந்துபோயிருந்தான். மேசை அவளுக்கு வேண்டியிருந்தது. பால் தட்டுகளை அதன்மேல்தான் பரப்புவாள். பால் வைக்கிற இடத்தில் இரும்பைக் கிடத்துகிற மனுஷனை என்ன செய்வது என்று முணுமுணுத்தபடி துப்பாக்கியைத் தூக்கினாள். அதன் முதுகில் இருந்த தூரக்கண்ணாடிமேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. கண்ணாடியை இறுக்கிப் பிடித்திருந்த இரண்டு வளையங்களிலும் சின்னச் சின்னத் திருகுகள். ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

அந்தப் பொட்டு அவள் தம்பி ராய்கோவின் வழக்கம். கீழே டவுனில் துப்பாக்கிக் கடையில் வேலை அவனுக்கு. எந்தக் கண்ணாடியைப் பூட்டினாலும் கடைசியில் நெயில் பாலிஷைத் தொட்டு, திருகிலிருந்து வளையத்துக்கு ஒரு கோடு இழுத்துவிடுவான். பின்னால் யாராவது திருகை அசைத்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். பெண்டாட்டி இல்லாதவன் பையில் நெயில் பாலிஷ் எதற்கு என்று வேட்டைக்காரர்கள் அவனைக் கேலி பண்ணாத நாளில்லை. அது பளபளவென்று செர்ரிப் பழ நிறத்தில் இருக்கும். இதுவோ செங்கல்பொடியைக் குழைத்ததுபோல மங்கி, தடித்து, ஓரம் பிசிறிக் கிடந்தது.

மிலோய்காவுக்கு இந்தச் சிவப்பையும் தெரியும். வசந்தத்தில் மந்தையை மேலே ஓட்டுமுன் ஆடுகளின் பிட்டத்தில் அடையாளம் பூசுகிறவள் அவள்தான். நகக்கண்ணில் ஏறினால் புல்லறுப்பு முடிகிறவரை போகாது. அந்தச் சாய டப்பா இப்போதும் பட்டியின் மூலையில் கிடக்கிறது.

துப்பாக்கியைக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் தட்டுகளைப் பரப்பினாள். கை பழக்கத்தில் வேலை செய்தது, மனசு செய்யவில்லை. யாரோ இந்தக் குடிசையில் வைத்துத் திருகைக் கழற்றியிருக்கிறார்கள். குடிசையில் இருப்பது இரண்டே பேர். அவள் கழற்றவில்லை.

அப்படியானால் இவன் எதற்கு, ராய்கோ கண்ணாடியைக் கெடுத்துக் கொடுத்தான் என்று மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டு திரிகிறான்?

போத்ராஸ் மேய்ச்சலில் அவர்கள் குடிசைதான் கடைசி. அதற்கு அப்பால் புல் முடிந்து பாறை, பாறை முடிந்து கிடுகிடு பள்ளம். நிலநடுக்கம் வந்த வருஷம் அக்கம்பக்கத்துக் குடிசைகளின் கூரையே இறங்கிவிட்டது. இவர்களுடையது விழவில்லை, பள்ளத்தைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்ததோடு நின்றுகொண்டது. வென்செல் சாய்ந்த நிலைக்கேற்ப ஒரு கதவு செய்து மாட்டினான். கதவு அழகாகப் பொருந்தியது. காற்று நுழையாது, எலி நுழையாது, அதனால் குடிசை நேராகிவிட்டது என்று முடிவுகட்டிக்கொண்டான். பால் அப்படியெல்லாம் ஒத்துக்கொள்ளாது. தட்டில் ஊற்றினால் ஒரு பக்கம் விளிம்பு வரைக்கும் வந்து நிற்கும், மறுபக்கம் தட்டின் அடி தெரியும். மிலோய்கா ஒவ்வொரு ஜூனிலும் வந்ததும் வராததுமாக மேசையின் இரண்டு காலுக்கு அடியில் மரச்சில்லு செருகிப் பாலை மட்டத்துக்குக் கொண்டுவருவாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

பள்ளத்துக்கு அந்தப்புறம்தான் தொல்லை தொடங்கியது. எதிர்ப் பாறையில் மேயும் கொக்கிக் கொம்பு மலையாட்டைக் கம்ஸ் என்பார்கள். போன வருஷம் அதற்குச் சொறி வந்தது. சொறி பிடித்த ஆடு முடி கொட்டி, தோல் வெடித்து, குளிர் காலத்தில் நின்றபடியே விறைத்துச் சாகும். சாவதற்குள் மந்தைக்கே ஒட்டிவிடும். அவற்றைச் சுட்டு அப்புறப்படுத்தச் சொல்லி வேட்டைக் குழு வென்செலிடம் எதிர்ப் பாறையை ஒப்படைத்தது. அங்கே நெருங்கிப் போக ஆட்டுக்குத்தான் கால் உண்டு, மனுஷனுக்கு இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து, அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருந்துதான் சுட வேண்டும். வென்செலின் பழைய கண்ணாடி அதற்குக் காணாது.

புதுக் கண்ணாடி வாங்கப் போன அன்று மிலோய்காவும் பாலாடைக்கட்டி இறக்கக் கூடவே போயிருந்தாள். ராய்கோவின் கடையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

"இருக்கறதுலயே பெருசாக் காட்டுற கண்ணாடி எது?" என்றான் வென்செல், உட்காருவதற்கு முன்பே.

"அவ்வளவு பெருசு வேண்டாம் அத்தான். ஆட்டோட மூக்கு மட்டும்தான் தெரியும், அது எந்த ஆடுன்னு தெரியாது. வெயில்ல காத்து நெளியறதும் சேர்ந்து பெருசாகும். உங்க நாடி துடிக்கறதுகூட உள்ள ஆடும். நடுத்தரமா ஒண்ணு போதும்."

"போதும்னு நீ சொல்றே. பெருசு கைவசம் இல்லியோ?"

"இருக்கு. எடுத்துப் பாருங்க. சாயங்காலம் வெளிச்சம் இறங்கினதும் உள்ள இருட்டுக் கட்டும். கம்ஸ் வர்றதே அந்த நேரம்தான்."

வென்செல் இரண்டையும் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போய், எதிர் மலையில் ஒரு மரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, ராய்கோ சொன்னது பொய்யாக இருக்காதா என்று வெகுநேரம் பார்த்தான். பொய்யாக இல்லை. அந்த ஏமாற்றத்தோடு திரும்பிவந்தான்.

"இந்த மேல் திருகைக் கவனிங்க," என்றான் ராய்கோ. "தூரம் போகப்போகத் தோட்டா கீழ இறங்கும்ல. எவ்வளவு இறங்குமோ அதுக்குத் தக்க இதைத் திருப்பணும். விரலுக்கே டிக் டிக்னு தெரியும். சுட்டு முடிச்சுப் பழைய இடத்துக்குத் திருப்பினா, துல்லியமாப் பழைய இடத்துக்கே வரணும். சில கண்ணாடி வராது. இது வரும். கட்டிவச்சு திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன்."

"எனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே திருப்பிப் பாத்தாச்சா? அப்ப இது பழசு."

"அக்கா, இவரை எப்படி நீ வச்சுக் குப்பை கொட்டறே?"

"குப்பையைக் கொட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் மிலோய்கா.

ராய்கோ துப்பாக்கியைப் பிடிப்பானில் மட்டமாக நிறுத்தினான். கண்ணாடியை வளையத்தில் படுக்கவைத்து, வென்செலைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லி, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும்படி முன்னும் பின்னும் நகர்த்தினான். ஒட்டி வைத்தால் உதைக்கும்போது புருவத்தைக் கிழித்துவிடும் என்றான். அப்புறம் சுவரோரம் கொத்தனார்போல ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கண்ணாடிக்குள் தெரிகிற சிலுவைக்கோட்டை அந்த நூலுக்கு நேராகத் திருப்பிவைத்தான்.

"இதுக்கென்ன இத்தனை பூசை?"

"கோடு சாஞ்சிருந்தா, மேல ஏத்தறதெல்லாம் சாஞ்சே ஏறும் அத்தான். கிட்டத்துல ஒண்ணும் தெரியாது. பள்ளத்துக்கு அந்தப்பக்கம் போறப்ப அரைச் சாணுக்குமேல பக்கவாட்டுல தள்ளிரும். நெஞ்சுல பட வேண்டியது தொடையில படும்."

இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை எதுவுமே நடந்திருக்காது. ராய்கோ உள்ளதைச் சொன்னான். வென்செல் அதை எச்சரிக்கையாகக் கேட்கவில்லை, மிரட்டலாகக் கேட்டுக்கொண்டான். இருவருக்கும் நடுவே அதற்கு முந்திய வருஷமே ஒரு முள் ஏறியிருந்தது. குழுவின் வருஷாந்தரத் துப்பாக்கிச் சோதனையில் ராய்கோ எல்லார் முன்னாலும், "அத்தானுக்குக் கண் டாக்டரைப் பார்க்க வேளை வந்துருச்சு," என்று சொல்லித் தொலைத்தான். சிரிப்புக்குச் சொன்னதுதான். அதை வென்செல் இன்றைக்கும் மென்றுகொண்டிருந்தான்.

மே மாதச் சோதனையில் புதுக் கண்ணாடி நூறு மீட்டரில் தோட்டாக்களை ஒரு உள்ளங்கைக்குள் அடக்கிக் காட்டியது. ஆகஸ்டில் வென்செல் எதிர்ப் பாறையில் ஒரு சொறி ஆட்டைச் சுட்டான். அது விழாமல் ஓடி, கண்ணுக்கு மறைந்தது. வேட்டைக் குழுத் தலைவர் லுத்விக்கின் நாய் மோப்பம் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அது பாறை இடுக்கில் புழுத்துக் கிடந்தது. இரண்டாவது ஒரு பெட்டை. தொடையில் பட்டு, பின்னங்கால் தொங்கிப்போய், இன்னும் உயிரோடு அங்கேயே நொண்டிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவ வெளியே வரும்போதெல்லாம் மிலோய்கா அதைத் தேடிப் பார்ப்பாள். கண்ணில் பட்டாலும் வேதனை, படாவிட்டாலும் வேதனை.

ஞாயிற்றுக்கிழமை குழு கூடுகிறது. எதிர்ப் பாறையை வென்செலிடமிருந்து எடுத்துவிடுவார்கள் என்று கீழே பேச்சு. கண் போச்சு என்கிறார்கள் சிலர், பேரிக்காய்ச் சாராயம் என்கிறார்கள் சிலர். வென்செலிடம் பதில் தயாராக இருந்தது.

"கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சொல்லத்தான் போறேன்," என்றான் அன்று மத்தியானம், சோளக்களியைக் கரண்டியால் வெட்டிக்கொண்டே. "உன் தம்பி வேணும்னே கோணலாப் பூட்டிக் குடுத்தான். எதிர்ப் பாறை மேல அவனுக்கு ஒரு கண்ணு."

"அவன் கேட்டானா உங்கிட்ட?"

"கேக்கறவன் பரவாயில்லையே. சிரிச்சுக்கிட்டே இருக்கறவனைத்தான் நம்பக்கூடாது."

"நீ சொன்னா அவன் லைசென்ஸு போயிரும்யா. வேட்டைக்காரன் துப்பாக்கியைக் கெடுத்தான்னு ஒரு பேரு வந்தா அப்புறம் எவன் அவன்கிட்ட துப்பாக்கியைக் குடுப்பான்? அவனுக்கு வேற என்ன தெரியும்?"

"அது நெயில் பாலிஷ் பூசறப்பவே யோசிச்சிருக்கணும்."

மிலோய்கா அவன் முகத்தையே பார்த்தாள். நெயில் பாலிஷ் என்கிற வார்த்தை கூசாமல் வருகிறதே!

"திருகை யாரும் தொடலியே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கரண்டி ஒரு கணம் நின்றது. "யாரு தொடுவா?" என்றான். "பாலை ஊத்து. களி தொண்டையில நிக்குது."

அந்த ஒரு கணத்தில்தான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. தம்பியைக் கவிழ்ப்பதற்காக இவனே கண்ணாடியைக் கோணலாக்கியிருப்பானோ? கூட வாழ்ந்த மனுஷனைப் பற்றி இப்படி நினைக்கவே அவமானமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. இரண்டு வாயில்லா ஜீவன்களைச் சித்திரவதை செய்துதானா ஒருத்தன் பழி தீர்ப்பான்? இவன் அப்படிப்பட்டவனா? இல்லை என்று அடித்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட அவளைச் சுட்டது.

வென்செல் மந்தையோடு மேலே ஏறியதும் அவள் சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு மேல வாடா. பாலாடைக்கட்டி இறக்கணும்."

"அத்தான் இருக்கறப்ப நான் வரமாட்டேன்க்கா. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு, என் காதுக்கு வராதா?"

"அவரு ஆட்டோட போயிருவாரு. நீ வா."

"கட்டி இறக்கத்தானா கூப்பிடறே?"

"இல்லடா," என்றாள். அவளுக்கு அதற்குமேல் பொய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வென்செலின் தொப்பி மேட்டைத் தாண்டி மறையவும் ராய்கோ மூச்சு வாங்க ஏறி வரவும் சரியாக இருந்தது. மிலோய்கா உப்பு ஜாடிக்குள் கைவிட்டு துப்பாக்கி வைக்கும் இரும்பு அலமாரியின் சாவியை எடுத்தாள். வென்செலுக்குத் தெரியாமல் அந்த அலமாரியை அவள் திறந்தது அதுதான் முதல் தடவை. துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"திருகைப் பாரு."

ராய்கோ குனிந்து பார்த்தான். விரல் நகத்தால் சுரண்டினான். அவன் முகம் மாறியது.

"இது என் சிவப்பு இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா நேத்து முச்சூடும் சும்மா இருந்தே? நீயும் என்னைச் சந்தேகப்பட்டியா?"

"உன்னை இல்லடா," என்றாள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அதைவிட மோசம்."

ராய்கோ பையிலிருந்து சின்னப் பிடிப்பானை எடுத்து, துப்பாக்கியை மேசைமேல் நிமிர்த்தி நிறுத்தி, வாசல் பக்கம் திருப்பினான். மண்டியிட்டுக் கண்ணாடிக்குள் பார்த்தான். பார்த்தபடியே, "அக்கா, வாசல்ல தயிர் மூட்டையை ஏன் இப்படிக் கோணலாத் தொங்கவிட்டிருக்கே?" என்றான்.

காய்ச்சித் திரித்த பாலைத் துணியில் கட்டி நீர் வடிய வாசல் உத்தரத்தில் தொங்கவிடுவது அவள் வழக்கம். மூட்டை கனமாகத் தொங்கிக்கொண்டு கீழே இருந்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"தொங்குறது எப்படிடா கோணலாத் தொங்கும்?"

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. வென்செல் நின்றிருந்தான். பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறான். அவனுக்கும் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். உப்பு ஜாடியைப் பற்றி நேற்றே யோசித்திருப்பானோ என்னவோ.

"கையும் களவுமாப் புடிச்சேன்!" என்று கத்தினான். "என் வீட்டுக்குள்ள, என் துப்பாக்கிமேல கை! நீதான் சாவி எடுத்துக் குடுத்தியா, மிலோய்கா? அக்காளும் தம்பியும் கூட்டா?"

"கத்தாதய்யா. வந்து பாரு."

"என்னத்தைப் பாக்கறது? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இதையும் சேத்துச் சொல்றேன்."

"சொல்லு. முதல்ல வந்து கண்ணை வச்சுப் பாரு. கண்ணு போச்சுன்னு ஊரே சொல்லுதுல்ல? போகலைன்னு காட்டு."

அந்தக் குத்து வேலை செய்தது. வென்செல் ராய்கோவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு மண்டியிட்டான். கண்ணாடிக்குள் சிலுவைக்கோடு கதவுச் சட்டத்தோடு ஒட்டி, கொஞ்சமும் பிசகாமல் நின்றது. அதன் பக்கத்தில் தயிர் மூட்டையின் கயிறு சாய்ந்து இறங்கியது.

"கோடு நேராத்தான் இருக்கு. மூட்டைதான் சாஞ்சிருக்கு," என்றான்.

சொன்னவனுக்கே அது காதில் விழுந்துவிட்டது. எழுந்தான். மூட்டையைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். போய் மூட்டையைக் கையால் பிடித்து நிறுத்தி, விட்டான். அது ஒரு ஆட்டம் ஆடி, திரும்ப அதே இடத்தில் நின்றது.

"கதவை நான் செஞ்சேன்," என்றான். குரல் இறங்கிவிட்டது.

"குடிசை சாஞ்ச பிறகு செஞ்சே," என்றாள் மிலோய்கா. "சாய்வுக்குத் தக்க செஞ்சே. உனக்கு மறந்துபோச்சு. பாலுக்கு மறக்கல. வருஷா வருஷம் மேசைக்கு அடியில நான் சில்லு வைக்கிறேன், பாக்கலியா நீ?"

ராய்கோ குனிந்து மேசைக்கால்களைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் மொத்தமும் அந்தச் சில்லில் இருந்தது. "மேசை மட்டம். துப்பாக்கி மட்டமா நின்னுருக்கு. கதவு சாய்வு. கதவுக்கு நேராக் கோட்டைத் திருப்பினா கண்ணாடி சாஞ்சுதான் போகும். அக்கா, நீ சில்லு வைக்காம இருந்திருந்தா ரெண்டும் சேர்ந்தே சாஞ்சிருக்கும். ஒண்ணும் ஆகியிருக்காது."

அவளும் இதில் பங்குக்காரி என்பது மிலோய்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இந்தத் திருகை யாரு கழட்டினது?" என்று ராய்கோ கேட்டான். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

வென்செல் கதவுச் சட்டத்தைத் தடவிப் பார்த்தான்.

"ஜூலையில ஒரு நாள் பட்டிக்குப் பின்னால சுட்ட சத்தம் கேட்டுச்சு," என்றாள் மிலோய்கா. "நரின்னே. நரித்தோல் எங்கேன்னு நான் கேக்கல. பிரிச்சதைத் திரும்பப் பூட்டிக் கிட்டத்துல சரிபாத்துருக்கே. அதுமேல ஆட்டுச் சிவப்பு. நான் வேற ஏதோ நெனச்சுட்டேன்யா. நீ வேணும்னே செஞ்சுட்டேன்னு நெனச்சுட்டேன்."

வென்செல் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அப்படி நினைத்தது அவனை அடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை. ஊரையே சந்தேகப்படுகிறவன் ஒரு நாள் தானும் சந்தேகத்துக்கு ஆளாகட்டுமே என்று ஒரு பக்கம் தோன்றியது. பாவமாகவும் இருந்தது.

"அவன் நேரா வச்சானான்னு பாக்கத்தான் பிரிச்சேன். நான் திருப்பி வச்சும் ஆடு விழல, அதுவும் அவன் வேலைதான்னு நெனச்சேன்," என்றான் கடைசியில். "கண்ணாடியோட, மட்டம் பாக்க ஒரு ரசமட்டமும் குடுத்துவிட்டிருந்தான். கதவுல வச்சா குமிழி ஓடிப்போயி ஓரத்துல நின்னுச்சு. கெட்டதைக் குடுத்துருக்கான்னு பள்ளத்துல வீசிட்டேன்."

"புது மட்டம் அத்தான் அது," என்றான் ராய்கோ.

வென்செல் வெளியே போய்ப் பட்டிச் சுவரில் உட்கார்ந்துகொண்டான். ராய்கோ பையை எடுத்துத் தோளில் மாட்டினான். மிலோய்கா வாசலை மறித்து நின்றாள்.

"சரிபண்ணிட்டுப் போடா."

"அக்கா, என்னால முடியல. எம்பேரை நாறடிச்ச ஆளுக்கு..."

"அவருக்குச் செய்யாதே. அங்க ஒரு பெட்டை மூணு காலுல நிக்குது. அதுக்குச் செய்."

ராய்கோ எதிர்ப் பாறையை எட்டிப் பார்த்தான். பிறகு பையை இறக்கினான். ஆட்டுச் சிவப்பைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்தான். திருகுகளைத் தளர்த்தி, சிலுவைக்கோட்டைத் தயிர் மூட்டையின் கயிற்றுக்கு நேராகத் திருப்பினான். ஒவ்வொரு திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். பட்டிப் பலகையில் காகிதம் ஒட்டி வென்செல் சுட்டான், ராய்கோ மேல் திருகைத் திருப்பினான், வென்செல் மறுபடி சுட்டான். மிலோய்கா உருளைக்கிழங்கைச் சீவிப் பாலாடைக்கட்டியோடு சேர்த்து அடையாகச் சுட்டு, ஆளுக்கொரு பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு தின்றார்கள்.

மேகம் கீழே இறங்கி, பள்ளத்தில் காற்று அடங்கிய நேரத்தில் பெட்டை வெளியே வந்தது. பாறை விளிம்பில் நின்று கிட்டிய புல்லைக் கடித்தது. வென்செல் குப்புறப் படுத்தான். ராய்கோ பைனாகுலரோடு பக்கத்தில் படுத்தான்.

"காத்து?" என்றான் வென்செல். காலையிலிருந்து அவன் ராய்கோவிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"இல்ல. துப்பாக்கியைச் சாய்க்காதீங்க. மெதுவா."

சத்தம் பள்ளத்தில் இறங்கி, எதிர்ப் பாறையில் முட்டித் திரும்பி வருவதற்குள் பெட்டை நின்ற இடத்திலேயே மடங்கிவிட்டது. ஒரு துடிப்பு இல்லை. மிலோய்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள். அப்பாடா, அதுக்கு விடிஞ்சுது என்று சொல்லிக்கொண்டாள்.

இரண்டு ஆண்களும் பள்ளத்தில் இறங்கி, சுற்றிவளைத்து அந்தப்பக்கம் ஏறினார்கள். அவள் பைனாகுலரில் பார்த்தாள். ராய்கோ ஒரு குட்டைப் பைன் குச்சியை ஒடித்து ஆட்டின் வாயில் வைத்தான், அதன் கடைசிக் கவளமாக. இன்னொன்றை இரத்தத்தில் தோய்த்துத் தன் தொப்பிமேல் வைத்து, வழக்கப்படி வென்செலிடம் நீட்டினான். அடிபட்ட மிருகத்தை முடிக்கக் கூட நின்றவனுக்கு அந்தக் குச்சியில் பாதியை ஒடித்துக் கொடுப்பது முறை. எந்த முரடனும் அதை மறக்கமாட்டான்.

வென்செல் குச்சியை எடுத்தான். முழுசாகத் தன் தொப்பியில் செருகிக்கொண்டான். ராய்கோ வெறும் தொப்பியை நீட்டியபடி கொஞ்சநேரம் நின்றுவிட்டு, பிறகு தலையில் வைத்துக்கொண்டான்.

மிலோய்கா பைனாகுலரை இறக்கினாள். திருந்தவில்லை, ஞாயிற்றுக்கிழமை இவன் சொல்லத்தான் போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. சனிக்கிழமை பூராவும் அவன் அவளிடம் பேசவில்லை. தானே போய்ப் பட்டி மூலையிலிருந்த சிவப்பு டப்பாவை எடுத்து எங்கோ கொண்டுபோனான். தடயத்தை மறைக்கிறானோ என்று அவள் நினைத்தாள். நினைப்பு ஒருமுறை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால் எதைப் பார்த்தாலும் அப்படியே தெரிகிறது.

கூட்டம் நடக்கும் நாளில் சமையல் பெண்கள் பொறுப்பு. வேட்டைக் குழு வீட்டின் சமையலறையிலிருந்து கூடத்துக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு, தட்டு கொடுத்து வாங்க. மிலோய்கா மான்கறிக் குழம்பைக் கிளறிக்கொண்டு அந்த ஜன்னலை விட்டு நகராமல் நின்றாள். ராய்கோ கதவோரம், எழுந்து ஓட வசதியாக உட்கார்ந்திருந்தான்.

லுத்விக் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, "வென்செல், உனக்கு ஏதோ சொல்லணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டே. எங்ககிட்டயும் சொல்லு," என்றார்.

வென்செல் எழுந்தான். கையில் ஒரு பை. அதற்குள்ளிருந்து ஆட்டுச் சிவப்பு டப்பாவை எடுத்து லுத்விக்கின் மேசைமேல் வைத்தான்.

"எங்க குடிசை சாஞ்சிருக்கு," என்றான்.

கூடம் கொல்லென்று சிரித்தது. "குடிசையா, நீயா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

வென்செல் சிரிப்பு அடங்கும்வரை நின்றான். காது சிவந்துவிட்டது. "ராய்கோ நேராத்தான் பூட்டிக் குடுத்தான். நான் அவனை நம்பல. திருகைப் பிரிச்சு, சாஞ்ச கதவை நேர்னு நம்பி, கோணலாக்கினது நான். மேல இந்தச் சிவப்பைப் பூசி மறைச்சதும் நான். அந்த ரெண்டு ஆடும் பட்ட பாடு என்னோடது. பாறையை எடுத்துக்கங்க. ஆனா, அவனைப் பத்தி நான் பேசினதை எல்லாம் நானே அழிச்சுட்டேன்னு எழுதிக்கங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மிலோய்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஏப்ரன் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். குழம்பு அடிபிடிக்கிற வாசனை வந்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று நின்றாள்.

வென்செல் கூடத்தின் குறுக்கே நடந்து கதவோரம் போனான். தொப்பியிலிருந்து அந்தப் பைன் குச்சியை உருவி, நடுவில் ஒடித்தான். இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பாதியைத் தொப்பிமேல் வைத்து நீட்டினான்.

"அங்கயே குடுத்திருக்கணும், மாப்ள. அங்க யாரும் பாக்கல. நாறடிச்சது நாலு பேர் முன்னால, அதான் குடுக்கறதும் நாலு பேர் முன்னாலன்னு வச்சிருந்தேன்."

ராய்கோ உடனே எடுக்கவில்லை. அவனுக்கும் இந்த வருஷம் எதையும் அவ்வளவு லேசில் நம்ப முடியாமல் போயிருந்தது. குச்சியை எடுத்தான். கண்ணுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அது நேராக இருக்கிறதா என்று பார்த்தான். கூடமே காத்திருந்தது.

அப்புறம்தான் தொப்பியில் செருகிக்கொண்டான்.